தரை டிக்கெட்

எங்கள் காசிமேட்டுக் குப்பத்தில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. நல்ல வழக்கம் என்றுதான் இன்றைக்கும் எல்லாரும் சொல்கிறார்கள். கடலுக்குப் போனவன் திரும்பி வராவிட்டால், கரையேறும் ஒவ்வொரு கட்டுமரத்திலிருந்தும் அவன் பெண்டாட்டிக்கு ஒரு கை மீன் போடுவார்கள். அவள் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. கூடையை மணலில் வைத்துவிட்டு நின்றால் போதும். அப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு, அந்த மீனை விற்றுத்தான் அம்மாவும் நானும் சாப்பிட்டோம். எனக்கு அப்போது எட்டு வயது.

ஆறு மாதம் ஆகியிருக்கும். ராயபுரத்தில் கொட்டகை போட்டு பயாஸ்கோப் காட்டினார்கள். ஒரு நாள் மீன் விற்று முடித்த அம்மா, வீட்டுக்கு வராமல் என்னை நேரே அங்கே இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு தரை டிக்கெட் வாங்கினாள். படத்தில் பேச்சே கிடையாது. ஒரு குண்டன் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பும்போதெல்லாம் யாராவது அடிபட்டு விழுந்தார்கள். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் முந்தானையை எடுத்துவிட்டே சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

இந்தச் சங்கதியை எட்டு வயதுக்காரி வயிற்றில் வைத்துக்கொண்டிருக்க முடியுமா? மறுநாள் கரையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்து நானே குண்டன் ஆனேன். துடுப்புதான் ஏணி. பிறகு அம்மாவாகவும் ஆனேன். அவள் சிரித்ததை அப்படியே சிரித்துக் காட்டினேன். வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். என் நடிப்பில் மயங்கிவிட்டார்கள் என்று நினைத்து இன்னொரு தரம் சிரித்தேன். என் புத்தியை எதால் அடிப்பது!

அடுத்த நாள் காலையில் எந்தக் கட்டுமரத்து ஆளும் எங்கள் கூடைப் பக்கம் வரவில்லை. சித்தப்பா மட்டும் வந்து நின்றார். தினம் சாயங்காலம் கள்ளுக்கடையில் பாதிப் பணத்தை விட்டுவிட்டு வருகிறவர். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"இன்னா அண்ணி, எங்க அண்ணன் போயி ஒரு வருசம் ஆவல, அதுக்குள்ள பயாஸ்கோப்பு ஷோக்கு கேக்குதா? நாங்க மீன் குடுக்கறது வவுத்துக்கு. கூத்து பாக்க இல்ல."

"வெயில்ல தூக்கினு அலைஞ்சி வித்தது நானு," என்றாள் அம்மா. "சிரிக்கணும்னு இருந்துச்சு. போனேன்."

பிள்ளை அழுதாள், அதனால் கூட்டிப்போனேன் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். சிரிக்க ஆசைப்பட்டேன் என்றாளே, அதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை.

நான்கு நாள் கூடை காலியாகவே வீட்டுக்கு வந்தது. அம்மா எனக்குக் கஞ்சித் தண்ணீர் கொடுத்தாள். அவள் என்ன குடித்தாள் என்று தெரியாது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து புத்தி சொன்னார்கள். அவள் அசையவில்லை. ஐந்தாம் நாள் விடியும்போது அவள் காலைக் கட்டிக்கொண்டு நான் அழுதேன்.

"தப்புன்னு சொல்லிடும்மா. பசிக்குதும்மா."

முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

கரையில் எல்லார் முன்னாலும் கும்பிட்டு நின்று, "தப்புதான். இனிமே போவ மாட்டேன்" என்றாள். குப்பத்து ஜனங்கள் நல்லவர்கள், உடனே மனம் இளகிவிட்டார்கள். முதல் கை மீனைச் சித்தப்பாவே போட்டார். அம்மா மேலும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் காது கொடுக்கவில்லை. கூடை நிறைவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் மேல் இவர்களுக்குத்தான் எவ்வளவு பாசம் என்று பூரித்துப் போனேன்.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் இருந்தாள். தனக்கென்று ஆசைப்பட்டு ஒரு பொருளும் வாங்கி நான் பார்க்கவில்லை. ஊர்தான் அவளைப் பணிய வைத்தது என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டு, ஊரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஊரால் அது முடியவில்லை. நான்தான் செய்தேன்.