தலைவர் வீட்டு வாசல் குழாய்

சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு மந்தாரக்குப்பத்தை ஒட்டிப் புதிதாகக் குடியேறிய ஊர் அது. ஒரே ஒரு பொதுக்குழாய் வரப்போகிறது என்று கேட்டதிலிருந்து தனத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. நிறைமாதக்காரி. தூரத்துக் கிணற்றிலிருந்து குடம் சுமந்தே இடுப்பு விட்டுப்போயிருந்தது. புருஷன் குஞ்சிதபாதம் பஞ்சாயத்துத் தலைவர். மாலைக் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒரே குரலாகச் சொல்லிவிட்டார்கள்: குழாய் தலைவர் வீட்டு வாசலில்.

தனம் அன்று பாயசம் வைத்தாள். அவர் தொடவில்லை.

"இந்தக் கூட்டம் செல்லாது தனம். புதுத்தெரு ஆளுங்க ஒருத்தரும் வரல. ஆம்பளைங்க செகண்ட் ஷிப்டு. பொம்பளைங்க காண்ட்ராக்ட் வேலையிலேர்ந்து திரும்பல. நேரம் பாக்காம கூட்டம் போட்டது என் தப்பு."

"நீங்களா கேட்டீங்க? ஊரே குடுக்குதுங்க."

"பாதி ஊருதான் குடுக்குது."

"வயித்துல இருக்கிறது உங்க புள்ளதானே?"

அவள் கண்ணீர் இலையில் விழுந்தது. அவர் கண்ணும் கலங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூட்டம். "வாசல் என்னோடது. இதுல நான் பேசமாட்டேன், கையும் தூக்கமாட்டேன்" என்று சொல்லி, துணைத்தலைவர் லூர்துசாமியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

புதுத்தெரு மாணிக்கம்மாள் எழுந்தாள். "உங்களுக்குக் கெணறாவது இருக்குதுங்க. நாங்க வேல முடிஞ்சு வந்து, ஒரு கொடம் தண்ணிக்குக் கடைக்காரங்ககிட்ட கெஞ்சிக்கினு நிக்கிறோம்."

கைகள் உயர்ந்தன. குழாய் புதுத்தெருவுக்குப் போயிற்று.

"புருஷன் தலைவரா இருந்து உனக்கு என்னாடி சொகம்?" என்றாள் பக்கத்து வீட்டுப் பெரியநாயகி. தனம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

குழாயில் தண்ணீர் வந்த முதல் நாள், குஞ்சிதபாதம் சைக்கிளில் இரண்டு குடங்களைக் கட்டினார். எதிர் டீக்கடையில் சிரிப்பு.

"என்னா தலைவரே, தண்ணி தூக்குற வேலையில சேந்துட்டீங்களா?"

"ஆமாப்பா. இது பெர்மனெண்ட்டு."

வெகுநேரம் கழித்து, சட்டையெல்லாம் நனைந்து திரும்பினார். சைக்கிள் சாயாமல் பிடித்துக்கொண்டு கூடவே வந்த மாணிக்கம்மாள் முறையிட்டாள்: "முன்னால வாங்கன்னு எல்லாரும் வழி விட்டோம் தனம். கேக்கவே இல்ல. கடைசியிலதான் நின்னாரு."

தனம் முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தாள்.

"நாளைக்குக் கொஞ்சம் வெள்ளனவே போங்க" என்றாள். "வரிசை சேந்துடும்."

பெண் பிறந்து, தவழ்ந்து, நடை பழகும்வரை அந்த வீட்டுக்குத் தண்ணீர் வந்தது தலைவரின் சைக்கிளில்தான்.