மாடு சப்பிய சாரம்

பனம்பழத்தில் தோய்த்த துணியின் மணம் இனிப்பில் தொடங்கிக் கசப்பில் முடியும். வெயிலில் காய்ந்த பள்ளிச் சட்டையைத் தலைவழியே போடும்போது முதலில் பழம், பிறகு லேசான புளிப்பு, கடைசியில் தொண்டையின் அடியில் ஒட்டிக்கொள்ளும் ஒரு கசப்பு என்று அது வரிசை மாறாமல் வரும். போரால் பாதை பூட்டிய அந்த ஆவணியில் உடையார்கட்டில் எங்கள் வகுப்பு முழுவதும் அப்படித்தான் மணத்தது.

அதற்குச் சில நாட்கள் முன்புதான் அப்பா நீர் இறைக்கும் இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் வாங்க வவுனியாவுக்குப் போயிருந்தார். "நாளையிண்டைக்கு வந்திடுவன். வரேக்கை உனக்கு ரோசாப்பூ மணக்கிற சவர்க்காரம் கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பாதை மூடப்பட, அவர் அந்தப் பக்கமும் நாங்கள் இந்தப் பக்கமும் ஆனோம். கடைகளில் சவர்க்காரம் முதலில் விலையேறி, பிறகு காணாமலே போயிற்று.

பாத்திரத்துக்கு அடுப்புச் சாம்பலும் தேங்காய்ப் பொச்சுநாரும், பித்தளைக்குப் பழப்புளி, தலைக்குச் செவ்வரத்தம் இலைச் சாறு, பல்லுக்கு உமிக்கரி, உடுப்புக்குப் பனம்பழம். ஒன்றுகூடப் பிளாஸ்ரிக் போத்தலில் வரவில்லை. கழுவிய நீர் நேரே வாழையடிக்குப் போனது. குசினிக்கும் குளியலறைக்குமான பொருட்களைச் சூழலுக்குத் தீங்கு குறைந்தவையாக மாற்றுவதுதான் இன்று நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தின் பணி. அங்கே ஒரு கூட்டத்தில் இந்தப் பட்டியலைச் சொன்னபோது, எவ்வளவு அழகான வாழ்க்கை என்றார்கள். சாம்பல் பட்டுப் பட்டு அம்மாவின் விரல் இடுக்குகள் வெடித்திருந்ததும், அந்த வெடிப்பில் புளி படும்போது அவர் மூச்சை உள்ளே இழுப்பதும் என் நினைவில் அதே பட்டியலில்தான் இருக்கின்றன.

அம்மா பழத்தைப் பிசைந்து களியை நீரில் கரைத்து உடுப்புகளை ஊறவைப்பார். ஒவ்வொரு முறையும் அவற்றோடு அப்பா இடுப்பில் உடுக்கும் நீலக் கட்டம் போட்ட சாரமும் ஊறும்.

"அப்பா உடுக்காததை ஏனம்மா தோய்க்கிறியள்?"

"கொடியில சாரம் கிடந்தாத்தான் வீட்டில ஆம்பிளை இருக்கெண்டு பாக்கிறவை நினைப்பினம். கதையாமல் பிழி."

வாசல் படலையையும் அம்மா கட்டுவதில்லை. அப்பா வந்தால் வெளியில் நின்று கூப்பிடக் கூடாது என்பார். பகலில் அம்மா கச்சான் தோட்டத்து வேலைக்குப் போய்விட, பள்ளி விட்டு வந்த நான் கொடிக்கு நேரே குந்தியிருப்பேன். காற்று உள்ளே புகும்போது சாரம் உப்பி, இடுப்புக்குக் கீழே யாரோ நிற்பதுபோல் இருக்கும். அன்றைக்குப் படித்ததை அதற்கு ஒப்புவிப்பேன். காற்று விழுந்ததும் நிறுத்திவிடுவேன்.

பனம்பழத்தில் தோய்த்தால் இனிப்புப் போகும்வரை பல தண்ணீரில் அலச வேண்டும், இல்லாவிட்டால் மாடு தேடி வரும். இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்த ஆவணியில் கிணறு வற்றியிருந்தது. அம்மா ஒரே தண்ணீரில் அலசிக் காயப் போட்டுவிட்டு வேலைக்குப் போன ஒருநாள், நான் பள்ளியால் வந்து பார்த்தபோது, பக்கத்து வளவுச் செவனம்மாக்காவின் சிவப்புப் பசு முற்றத்தில் கண்ணை மூடி நின்று சாரத்தைச் சப்பிக்கொண்டிருந்தது. நான் போட்ட சத்தத்துக்கு வீதியில் வந்துகொண்டிருந்த அம்மா ஓடி வந்தார். ஒரு தலைப்பை அம்மா இழுக்க, மறு தலைப்பைப் பசு விடவில்லை. துணி நடுவே கிழிந்தது.

மலையகத்திலிருந்து வந்து குடியேறிய செவனம்மாக்கா தன் பேச்சை மாற்றிக்கொள்ளாதவர். கயிற்றோடு ஓடி வந்து, பசுவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னாக்கா, ஒங்க வீட்டுக்காரரு சாரத்துக்கு என் மாடே மயங்கிருச்சே!"

அம்மா சிரித்தார். அப்பா போனபின் அவர் சிரித்து அன்றுதான் கண்டேன். சிரித்துக்கொண்டே மண்ணில் இருந்தவரின் குரல் இடையில் மாறியது.

"தோய்ச்சுத் தோய்ச்சு அவரின்ர மணத்தை நானே போக்கிப்போட்டன் செவனம்மா. மிச்சத்தை மாடு திண்டிட்டுது."

செவனம்மாக்கா பசுவின் கழுத்தில் கயிற்றைப் போட்டு மெல்ல நடத்திக்கொண்டு போனார். அதன்பின் அம்மா சாரத்தைக் கொடியில் போடவில்லை. எஞ்சிய பாதி, போரின் கடைசி மாதங்களில் நாங்கள் இடம் இடமாக ஓடியபோதும் மூட்டையின் அடியில் கூடவே வந்தது. போர் முடிந்து எங்களை அடைத்துவைத்திருந்த முகாமிலிருந்து வெளியே விட்டதும், வவுனியாவில் அப்பா தங்கியிருந்த அறையைத் தேடிப் போனோம். பாதை பூட்டிய வருடமே ஒரு காலையில் பஸ்ஸுக்கென்று போனவர் திரும்பவில்லை என்று வீட்டுக்காரர் சொன்னார். அதற்குமேல் இன்றுவரை ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

பனங்களியில் நுரைப்பது அதன் கசப்பு; துணியில் தங்கி மாட்டை அழைப்பது அதன் சீனி. இனிப்பை நீக்கிக் கசப்பை மட்டும் எடுத்துச் சவர்க்காரக் கட்டியாக்குவதில்தான் என் சில வருடங்கள் போயின. முதலில் சரியாக வந்த கட்டியைப் போன விடுமுறைக்கு உடையார்கட்டுக்குக் கொண்டு போனேன். அம்மா முகர்ந்து பார்த்தார்.

"மாடு சப்புமோ பிள்ளை?"

"இல்லையம்மா. சீனியை எடுத்திட்டம்."

அம்மா உள்ளே போய், அலுமாரியிலிருந்து அந்தப் பாதிச் சாரத்தை எடுத்து வந்து தோய்த்துக் கொடியில் போட்டார். செவனம்மாக்காவின் வளவில் இப்போது வீடில்லை. அவர் எங்கே என்றும் தெரியாது. வேலியோரப் பனைகளில் பாதிக்குத் தலையில்லை. சாரம் காய்ந்து முடியும்வரை நான் முன்போலவே கொடிக்கு நேரே இருந்தேன். படலை வழமைபோலத் திறந்துதான் கிடந்தது. ஒரு மாடுகூட வரவில்லை.