மணி அடித்தும் பை பார்த்தவர்

இந்த மாதம் ஓய்வு பெறுகிறவர்களைப் பற்றி ஊழியர் சங்கம் ஒரு மலர் போடுகிறது. நூலக வாசலில் பதினொரு வருடம் உட்கார்ந்திருந்த காவலாளியைப் பற்றி எழுதித் தரும்படி சங்கச் செயலாளர் என்னிடம் வந்தார். "உங்க மச்சானாச்சே, உங்கள விட்டா வேற யாரு எழுதுவா?" என்றார். நல்லபடியாக எழுத என்னால் ஆகாது என்றேன். "அப்போ உள்ளத எழுதுங்க" என்றார். எழுதுகிறேன்.

எழுதுகிறவன் யாரென்று முதலில் தெரிய வேண்டும். நான் ஆறாம் வகுப்பு. அதையும் முழுசாக முடிக்கவில்லை. இருபத்து நான்கு வயதில் இந்தப் பல்கலைக்கழகத்தின் பின் கேட்டில் காக்கிச் சட்டை மாட்டி நின்றேன். நூற்றுப் பதினெட்டுக் காவலாளிகளும் ஒன்பது கேட்டுகளும் உள்ள பாதுகாப்புத் துறைக்கு அங்கிருந்தே படிப்படியாக ஏறித் தலைவன் ஆனேன். எந்த ஆய்வகத்தில் எந்தப் பேராசிரியர் அடுப்பை அணைக்க மறப்பார், எந்த விடுதியின் எந்தச் சுவரில் செங்கல் பெயர்த்துக் கால் வைக்க இடம் செய்திருக்கிறார்கள், எல்லாம் என் தலைக்குள் இருந்தது. ஓய்வு பெறும் வயது தாண்டியும் போக விடாமல் பிடித்து வைத்திருந்தார்கள். பட்டம் வாங்கியவர்கள் என் மேஜைக்கு முன்னால் நின்று "சார்" என்றார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று மற்றவர்கள் சொல்வார்கள். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

இனி அவர். என் மனைவியின் அண்ணன். வயதில் எனக்கு இரண்டு வருடம் இளையவர், முறையில் மூத்தவர், ஆகவே நான் "நீங்க" போட்டே பேச வேண்டும். இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். அவர் பத்தாம் வகுப்பு தேறியவர். அதை யாரும் கேட்காமலே சொல்வார். மணி என்ன என்று கேட்டால்கூட அதற்குள் பத்தாம் வகுப்பைக் கொண்டுவந்து சொருகிவிடுவார்.

அவருடைய தங்கையை நான் கேட்டபோது, கேட் பக்கத்தில் இருபது பேர் இருக்கையிலேயே, "ஆறாங்கிளாஸுக்குக் குடுக்க என் தங்கச்சி என்ன பழைய நோட்டுப் புத்தகமா?" என்றார். தங்கை வேறு மாதிரி முடிவு செய்துவிட்டாள். கல்யாணத்துக்கு வந்தார். ஓரமாக நின்றார், சாப்பிடாமல் போனார். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் எலியும் பூனையும்தான். எது எலி, எது பூனை என்பது பதவி உயர்வுப் பட்டியல் வந்தபோது தெரிந்தது. நான் மேலே போனேன். அவர் அப்படியே நின்றார். காரணம் கேட்டவர்களிடம், "அவன் வாயால ஏறினான், எனக்கு முதுகு வளையாது" என்று சொன்னாராம். முதுகைப் பற்றி ஒன்று சொல்கிறேன். முழு மழையில் வெளிக் கேட்டில் நாலு மணி நேரம் குடையில்லாமல் நின்ற முதுகு என்னுடையது. அவர் அன்றைக்கு விடுப்பு.

நான் தலைவனான முதல் வருடமே அவரை நூலக வாசலுக்கு மாற்றினேன். வன்மமா என்றால், ஆமாம். அங்கே ஒரு முக்காலி, ஒரு மேஜை, ஒரு கண்ணாடிக் கதவு, அவ்வளவுதான். வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து பார்க்க வேண்டும். நடக்க இடமில்லை, பேச ஆளில்லை, அதிகாரம் செய்ய ஒன்றுமில்லை. மூன்று மாதத்தில் அழுதுகொண்டு வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. அந்த வேலையைப் பிடித்துக்கொண்டார். பையின் ஜிப் திறக்கும் ஓசையிலேயே உள்ளே புத்தகமா துணியா என்று சொல்வார். மாணவர்கள் அவருக்கு 'எக்ஸ்ரே' என்று பெயர் வைத்தார்கள். துணைவேந்தரின் பையைக்கூடத் திறக்க வைத்தார். துணைவேந்தர் சிரித்துக்கொண்டே திறந்தார், எனக்குத்தான் காதெல்லாம் எரிந்தது.

ஆறு வருடத்துக்கு முன் நூலகத்திலிருந்து ஒரு பழைய வரைபடப் புத்தகம் காணாமல் போனது. அன்று காவலில் இருந்தவர் அவரில்லை, மாற்று ஆள். பதிவாளர் என்னைக் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். கொதித்துப்போய் வந்து தட்டச்சரை உட்கார வைத்து உத்தரவு சொன்னேன்: 'எந்தச் சூழ்நிலையிலும், யாராக இருந்தாலும், பையைச் சோதிக்காமல் நூலகத்திலிருந்து வெளியே விடக் கூடாது.' எந்தச் சூழ்நிலையிலும் என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கீழே கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதே இந்த வேலையில் சேர்ந்த பிறகுதான். அதனால் போடும்போதெல்லாம் கொஞ்சம் பெரிதாகவே போடுவேன்.

மறுநாள் மச்சான் என் அறைக்கு வந்தார். கையில் அந்த உத்தரவு. உட்காரச் சொல்லவில்லை, அவரும் உட்காரவில்லை.

"ஒரு சந்தேகம் சார். தீப்பிடிச்சா?"

"என்ன தீப்பிடிச்சா?"

"தீப்பிடிச்சு மணி அடிச்சா, அப்பவும் பை பாக்கணுமா? எந்தச் சூழ்நிலையிலும்னு போட்டிருக்கே."

அறையில் இரண்டு மேற்பார்வையாளர்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னால் பத்தாம் வகுப்பு எனக்குப் பாடம் எடுக்க வந்திருக்கிறது என்று தோன்றியது.

"மச்சான், சொன்னதச் செய்யுங்க. மூளைய வீட்டுல வெச்சிட்டு வாங்க. இங்க அதுக்கு வேலையில்ல."

மேற்பார்வையாளர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "சரி சார்" என்று போய்விட்டார்.

போன வருடம் தீயணைப்பு ஒத்திகை வந்தது. வருடா வருடம் வருவதுதான். வழக்கமாக முதல் நாளே காவலாளிகளுக்குச் சொல்லிவிடுவேன். மணி அடிக்கும் முன்பே கதவுகள் திறந்திருக்கும், நாலு நிமிடத்தில் கட்டடம் காலியாகும், அதிகாரி கைகுலுக்கிவிட்டுப் போவார். இந்த முறை புதிதாக வந்த தீயணைப்பு அதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை. யாருக்கும் சொல்லக் கூடாது, நேரத்தைத் தானே தேர்ந்தெடுப்பேன் என்றார். செய்யட்டும் என்றேன். என் ஆட்கள் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

காலை பதினொன்றேகாலுக்கு மணி அடித்தது. வேதியியல் கட்டடம் மூன்று நிமிடம். நிர்வாகக் கட்டடம் ஐந்து. பதிவாளரே மாடிப்படியில் இறங்கி வந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். நூலகத்திலிருந்து மட்டும் ஒவ்வொருவராக, சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்தார்கள். பத்து நிமிடம். பதினைந்து. அதிகாரி கையில் கடிகாரம். நான் ஓடினேன்.

உள்ளே மூன்று மாடிக் கூட்டமும் படிக்கட்டு வரை நெருக்கிக்கொண்டு நின்றது. மணி காதைக் கிழித்தது. கதவருகே முக்காலியில் மச்சான், மேஜைமேல் ஒரு பெண்ணின் பை, இரண்டு ஜிப்பும் திறந்து கிடந்தன.

"மச்சான்! மணி அடிக்கிறது காதுல விழலயா?"

"விழுது சார். பைய நீட்டுங்கன்னா நீட்ட மாட்டேங்கிறாங்க. அதான் தாமதம்."

"கதவத் திறந்து விடுங்கய்யா!"

"எழுதிக் குடுங்க, விடுறேன்."

கூட்டத்தில் யாரோ, "எக்ஸ்ரே, நாங்க கருகினதுக்கப்புறம் பாருங்க, இன்னும் தெளிவாத் தெரியும்" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகத்தில் கடுகு வெடித்தது. நானே கதவைத் தள்ளித் திறந்தேன். அதற்குள் இருபத்து மூன்று நிமிடம் ஆகியிருந்தது. அதிகாரி குறித்துக்கொண்டு, "உண்மையான தீயா இருந்திருந்தா முன்னூறு பேர்" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலையே பதிவாளர் அழைத்தார். அவருக்கு என் இடத்தில் உட்கார வைக்க ஓர் ஆள் ரெடியாக இருந்தது எனக்குத் தெரியும். பாதுகாப்பு மேலாண்மையில் முதுகலைப் பட்டம், டை, பளபளவென்று ஷூ.

"மூணு நாள்ல அறிக்கை வேணும்" என்றார். "அந்த ஆள் தன்னிச்சையா நடந்திருந்தா அவர வேலையவிட்டு எடுப்போம். உங்க உத்தரவுப்படி நடந்திருந்தா உங்களப் பத்தி யோசிக்கணும். ரெண்டுல ஒண்ணு."

கோப்பில் பார்த்தேன். என் உத்தரவு அங்கே இல்லை. அதற்கு முந்தைய வருடம் அலுவலகத்துக்குள் தண்ணீர் புகுந்து அலமாரியோடு போனதில் அதுவும் போயிருந்தது. அப்படியானால் உத்தரவென்று ஒன்று இருந்ததற்குச் சாட்சி அவர் ஒருவர்தான். தட்டச்சரும் மேற்பார்வையாளர்கள் இருவரும் என் ஆட்கள். அவர்களிடம் அப்படி ஒன்று நடந்ததா என்று கேட்டால், எப்போது என்று என்னையே திருப்பிக் கேட்பார்கள்.

வீட்டில் மனைவி இரண்டு நாளாகப் பேசவில்லை. தட்டை வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் காலை வாயைத் திறந்தாள்.

"ஏங்க, எங்கண்ணன் முரடுதான். இல்லன்னு சொல்லல. ஆனா எழுதினத வாசிச்சு அப்படியே செஞ்சாரு. எழுதினது யாரு?"

"ஒனக்கு யார் சொன்னது?"

"அன்னிக்கு ராத்திரி நீங்கதான சிரிச்சிட்டே சொன்னீங்க, மூளைய வீட்டுல வெச்சிட்டு வரச் சொன்னேன்னு."

சட்டையை மாட்டிக்கொண்டு நூலக வாசலுக்குப் போனேன். அவர் வழக்கம்போல முக்காலியில் இருந்தார்.

"மச்சான், பதட்டத்துல செஞ்சிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. கண்டிப்போட முடிச்சு வைக்கிறேன்."

"நான் பதட்டப்படலயே சார்."

"வேலை போயிடும். ஓய்வுக்கு இன்னும் ஒரு வருஷம் சொச்சம்தான் இருக்கு உங்களுக்கு."

அவர் சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்தார். அதன் பின்னால், எட்டாக மடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, அந்த உத்தரவு. கீழே என் கையெழுத்து. ஐந்து வருட வியர்வையிலும் கலையாமல் பெரிதாக இருந்தது.

"வேணும்னே செஞ்சீங்களா?" என்றேன்.

"ஆமா. அதிகாரி கடிகாரத்தோட வெளிய நிக்கிறது கண்ணாடி வழியாத் தெரிஞ்சுது, ஒத்திகைதானே. நெசமாவே தீப்பிடிச்சிருந்தா இந்த முக்காலியாலயே கண்ணாடிய ஒடச்சிருப்பேன். ஒவ்வொரு வருஷமும் நீங்க முன்னாடியே சொல்லி வெச்சிருவீங்க. இந்த வருஷந்தான் சொல்லல."

அப்போதே அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. வேண்டுமென்றே செய்தேன் என்று அவர் வாயாலேயே சொன்னதை அறிக்கையில் எழுதினால் போதும், அவர் கதை முடிந்தது. உறையோடு அந்தத் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"இது ஒண்ணுதான் இருக்கு. கிழிக்கிறதுன்னா கிழிச்சிருங்க. என்னால கிழிக்க முடியாது, உத்தரவு."

எடுத்துப் பார்த்தேன். முப்பத்தேழு வருடத்தில் என்னைப் பற்றி ஆயிரம் பேர் ஆயிரம் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இது என் கையெழுத்து இல்லை என்று நான் ஒரு தாளையும் பார்த்துச் சொன்னதில்லை. கற்றுக்கொள்ள எனக்கு மூன்று மாதம் பிடித்த கையெழுத்து. டை கட்டியவனுக்குப் பயந்து அதை நான் கிழிப்பதா? மச்சானுக்காக நான் எதையும் செய்யவில்லை. இதை வாசிக்கிறவர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும்.

அந்தத் தாளை அறிக்கையோடு சேர்த்துக் கொடுத்தேன். உத்தரவு என்னுடையது, காவலாளி கேள்வி கேட்டார், நான் கேட்கவில்லை என்று தட்டச்சருக்குச் சொல்லி எழுதினேன். பதிவாளர் இரண்டு முறை வாசித்தார். சந்தோஷத்தை மறைக்கக்கூட அவருக்குத் தெரியவில்லை. மாதக் கடைசியோடு என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

கடைசி நாள் கேட்டுச் சாவிகளை ஒப்படைத்தேன். டிபன் பாக்ஸும், டார்ச்சும், விசிலும் என் பையில். ஒரு வேலை மட்டும் பாக்கி இருந்தது. அதைத் தட்டச்சரிடம் கொடுக்காமல் என் கையாலேயே எழுதினேன்: 'மணி அடித்தால் பை பார்க்க வேண்டாம். கதவைத் திறந்து விடவும்.' நூலகத்துக்குள் போய், அலமாரிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, வெளியே வரும்போது அவர் மேஜையில் வைத்தேன்.

வாசித்தார். "கையெழுத்து இல்லையே."

கோபத்தில் மறந்திருந்தேன். போட்டேன்.

"தேதி?"

தேதியும் போட்டேன். மடித்து அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். நன்றி என்று ஒரு வார்த்தை வரவில்லை. அவர் பத்தாம் வகுப்பில் அதைச் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

"இனிமே மூளையக் கொண்டு வரலாமா சார்?"

"இருந்தாக் கொண்டு வாங்க" என்று சொல்லிக் கதவைத் தொட்டேன்.

"பை" என்றார்.

"மச்சான், இப்பத்தான எழுதிக் குடுத்தேன்."

"மணி அடிக்கலயே மாப்ளே."

பையை மேஜைமேல் வைத்தேன். டிபன் பாக்ஸின் மூடியைக்கூடத் திறந்து பார்த்துவிட்டுத்தான் விட்டார்.