நெரெய்தா அழித்த பட்டை

அழகிப்போட்டி நாளில் எங்கள் டுகுபீட்டாவில் மீன்காரர்கள்கூட வலையைப் போட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். மாநிலத்துக்கு ஒரு பெண் நிற்பாள். ஜெயித்தால் டிவியில் வேலை, பெரிய இடத்தில் கல்யாணம். ஏழைப் பெண்ணுக்குத் திறந்திருக்கும் வாசல் அது ஒன்றுதான் என்று நாடு முழுக்க நம்பவைத்திருந்தார்கள்.

படகோட்டி எலெயுதேரியோவின் மகள் நெரெய்தா மார்கானோ அந்த வாசலுக்குள் போனாள். அதுவரை எங்கள் டெல்டா அமாகூரோ மாநிலத்தின் பெயரில் நின்றவர்கள் எல்லாம் வேற்றூர்க்காரிகள். வழக்கமே அப்படித்தான். போட்டி நடத்துபவர்கள் பெண்களை எங்கிருந்தோ பொறுக்குவார்கள். மார்பில் குறுக்கே போடும், மாநிலப் பெயர் எழுதிய துணிப் பட்டைகளைத் தங்கள் இஷ்டத்துக்குப் பங்கு போடுவார்கள்.

இந்தத் தடவையாவது எங்கள் பட்டையை எங்கள் ஊர்ப் பெண் போட வேண்டும் என்று நெரெய்தா ஆசைப்பட்டாள். அவள் கையில் கொடுத்ததோ கோஹேதெஸ் மாநிலம். பஸ்ஸில்கூட அவள் அந்தப் பக்கம் போனதில்லை. டெல்டா போனது தலைநகர் கரகாஸின் பணக்காரப் பெண் பியங்காவுக்கு.

பியங்கா பட்டையைப் புரட்டிப் பார்த்தாள். "டெல்டாவா? அது எங்கடி இருக்கு? ஒரே கொசுவாமே?"

நெரெய்தா பயிற்சியாளரிடம் போனாள். "சார், அது என் ஊரு. மாத்திக் குடுங்க."

எல்லாப் பெண்களும் அவருக்கு ராணிதான். "ராணி, துணிக்கு ஏதும்மா ஊரு? உன் கவுனுக்கு இதுதான் எடுப்பா இருக்கு. போய் நில்லு."

போட்டியன்று ஒவ்வொருத்தியும் மைக்கில் பெயரையும் மாநிலத்தையும் கத்திச் சொல்ல வேண்டும். மார்பில் கோஹேதெஸ் இருக்க, நெரெய்தா கத்தினாள்: "நெரெய்தா மார்கானோ! டெல்டா அமாகூரோ!"

அரங்கமே சிரித்தது. "பாவம், பதட்டத்துல பொண்ணு ஊரையே மறந்துட்டா!" என்றார் தொகுப்பாளர். முதல் சுற்றிலேயே அவளை வெளியே அனுப்பினார்கள். பியங்கா இரண்டாவதாக வந்தாள்.

ஊர் திரும்பினால் பஸ் நிலையத்தில் மேளம். தனக்குத்தான் என்று நினைத்து இறங்கினாள்.

"நம்ம டெல்டா ரெண்டாவது!" என்று ஆடிக்கொண்டிருந்தாள் பக்கத்து வீட்டு எடுவிகிஸ். நெரெய்தாவைக் கண்டதும், "வாடி கோஹேதெஸ்காரி! குடுத்த பேரைச் சொல்லிட்டுப் போக என்னடி கேடு? நம்ம பொண்ணைப் பாரு, எவ்வளவு சமத்து!"

"எவடி நம்ம பொண்ணு? அவளை எங்கப்பா படகுல ஏத்தி, இங்க ஓடுற ஆத்துல ஒண்ணோட பேரைச் சொல்லச் சொல்லு! சொல்லிட்டான்னா நான் ஊரை விட்டே போறேன்!"

 மேளத்தை இன்னும் ஓங்கி அடித்தார்கள்.

நெரெய்தா பிறகு முடிவெட்டும் கடை போட்டாள். அதற்கு எதிர்ச் சுவரில் நகராட்சி பியங்காவை டெல்டா பட்டையோடு பெரிதாக வரைந்தது. நெரெய்தா பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, சுண்ணாம்பு வாளியோடு ஏணியில் ஏறினாள். முகத்தைத் தொடவில்லை. பட்டையை மட்டும் அழித்தாள்.

நகராட்சி மறுபடி எழுதியது. அவள் மறுபடி ஏறினாள்.