கெட்டிப்படாத பாகு

ஆலையில் அவனுக்குப் பூட்டு என்று பெயர். சாப்பாட்டு டப்பாவுக்கே பூட்டுப் போட்டு வருகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது.

சர்க்கரைப் பாகுத் தொட்டிகளுக்கு அவன்தான் பொறுப்பு. ஆறிய பாகில் ஆய்வகத்தின் நொதிக் கரைசலை ஊற்ற வேண்டும். பாக்டீரியாவிலிருந்து எடுத்தது. அது சர்க்கரையை உடைத்து, ஒரு பாதியைச் சங்கிலியாகக் கோக்கும். மறுநாள் தொட்டியில் கோந்து போல வழவழவென்று நிற்கும். பொடியாக்கினால் ரத்தம் இழந்தவர்களுக்கு ஏற்றும் மருந்துக்குப் போகும்.

தங்கை புருஷனை இங்கே சேர்த்துவிட்டதும் பூட்டுதான். அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. மாப்பிள்ளை தினமும் கனத்த பையோடு வீட்டுக்குப் போனான். அவன் சர்க்கரை அளந்து போடும் கிடங்கில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. நொதி வைக்கும் குளிர் அறைச் சாவியும் அவனிடம்.

புதிய நொதிக் கேன் வந்த சாயங்காலம், இதிலும் கைவைப்பான் என்று பூட்டுக்குத் தோன்றியது. கேனைக் குளிர் அறைக்கு அனுப்பவில்லை. தன் அலமாரியில் வைத்துப் பூட்டினான். அலமாரிக்குப் பின்னால் நீராவிக் குழாய் ஓடியது. காலையில் தானே எடுத்துத் தொட்டியில் ஊற்றினான்.

மறுநாள் கண்ணாடிக் குச்சியை விட்டுத் தூக்கினான். நூல் இழுக்கவில்லை. தண்ணீராகச் சொட்டியது.

“சர்க்கரையக் குறைச்சுப் போட்டியா மாப்ள?”

“டப்பாவுக்குப் போடுற பூட்ட கொஞ்சம் வாய்க்கும் போடுங்க மச்சான்.”

ஆய்வக மேடம் சோதித்துவிட்டு வந்தாள். “சர்க்கரை போட்டது போட்டபடி இருக்கு. நொதிதான் செத்துப்போச்சு. சூடு பட்டிருக்கு. கேன் முந்தாநாள் ராத்திரி எங்க இருந்துச்சு?”

பூட்டு பாக்கெட்டுக்குள் சாவியை இறுகப் பிடித்தான். ஒரு தொட்டி பாகு சாக்கடைக்கு. செய்தவனுக்கு வேலை நிலைக்காது.

“குளிர் அறைக் கதவ நான் சரியா மூடல மேடம்” என்றான் மாப்பிள்ளை.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “புது ஆளுன்னு விடுறேன். இன்னொரு தடவைன்னா வீட்டுக்குப் போயிடலாம்.”

அவள் போனதும் பூட்டு மாப்பிள்ளை பக்கம் திரும்பினான்.

“ஏன் அப்படிச் சொன்ன?”

“நேத்து காலையில கேன நீங்க அலமாரியிலிருந்து எடுத்தத பார்த்தேன். பழைய ஆளு நீங்க, உங்கள மன்னிச்சு விடமாட்டாங்க. உங்க தங்கச்சிகிட்ட யாரு பதில் சொல்றது?”

“பையில என்ன?”

மாப்பிள்ளை பையை விரித்தான். கோந்து ஊறிப்போன வேலைச் சட்டைகள். “அலசி அலசி அவ கை ஓஞ்சுபோச்சு. வேணும்னா நீங்க துவைங்க.”

பஸ்ஸில் மாப்பிள்ளை ஜன்னலோர இருக்கையை அவனுக்கு விட்டான். பூட்டு உட்கார்ந்தான். சும்மா ஒருத்தன் பழியைத் தலையில் போட்டுக்கொள்வானா. இதற்கு நாளைக்கு என்ன கேட்பான். டப்பாவை மடியில் வைத்துப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.