முட்டிக்கு மேல் தண்ணீர்

நம் அம்மன் தாயை நம்பி வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் அக்கா தங்கைகளுக்கு வெள்ளானூர் கோமதி எழுதுகிறேன். போன ஐப்பசியில் என் மகள் கீர்த்தனா படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற நிலைமையில் இருந்தாள். பழியை வேறு யார் மேலும் போட முடியாது. காரணம் நான்தான். நான் செய்த ஒரு வேண்டுதல்தான்.

கீர்த்தனா வடக்கே ஓர் இராணுவ அகாடமியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். அவள் அங்கே தேர்வானபோது எங்கள் தெருவே கூடி நின்று வழியனுப்பியது. ஆவடியில் நான் தையல் வேலை பார்க்கும் யூனிட்டில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். அங்கே ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கையில் போன் கொடுப்பார்கள். அவள் பேசுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் கேள்வியாகக் கேட்டுத் துளைத்துவிடுவேன். எனக்கு எல்லாமே தெரிந்தாக வேண்டும்.

சனி, ஞாயிறு என்றால் லீவு, பிள்ளை நன்றாகத் தூங்குவாள் என்று நினைத்திருந்தேன். அதுதான் இல்லை. சனிக்கிழமை விடியும்போதே காட்டுப் பாதையில் ஓட்டம். பிறகு அணிவகுப்பு. பிறகு அறைச் சோதனை, அலமாரியில் சட்டை மடிப்பு ஒரு விரல் தள்ளியிருந்தாலும் தண்டனை. ஞாயிறு காலையில் பொழுதுபோக்கு வகுப்பு, அதுவும் கட்டாயம். இவள் குதிரையேற்றம் எடுத்திருந்தாள்.

"பொழுதுபோக்குக்குக் கூடவா அட்டெண்டன்ஸ் எடுக்குறாங்க? குதிரைக்கு இன்னாடி பேரு? கடிக்குமா?"

"அம்மா, கொஞ்சம் மூச்சு வுடு," என்று சிரிப்பாள்.

ஒன்றைப் பற்றி மட்டும் அவள் பேசவே மாட்டாள். ஞாயிறு மதியம் முதலாண்டுப் பிள்ளைகளைப் பக்கத்து ஊருக்கு வெளியே போக விடுவார்கள். மற்ற பிள்ளைகள் போவார்கள், இவள் போனதே இல்லை. ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றுவாள். நான் விடுவேனா? ஐப்பசி முதல் ஞாயிறு, விடாமல் குடைந்ததில் அழுதுவிட்டாள்.

நீச்சல் தேறாதவர்களுக்கு வெளியே போக அனுமதி இல்லையாம். அந்த நேரத்திலும் நீச்சல் குளத்தில் பயிற்சிதானாம். ஒரு தடவை சோதனையில் தோற்றிருக்கிறாள். கார்த்திகையில் கடைசிச் சோதனை. உயரமான பலகையிலிருந்து குதித்து, குளத்தின் மறு கரை வரை நீந்த வேண்டும். முடியாவிட்டால் ஆறு மாதம் பின்னுக்குத் தள்ளி, அடுத்து வருகிற பேட்ச்சோடு மறுபடி முதலிலிருந்து.

"அப்படி ஆச்சுன்னா நான் ஊட்டுக்கே வந்துர்றேம்மா. கால் தரைய வுட்டுச்சுன்னா ஒடம்பு கல்லாட்டம் ஆயிடுது. நீ வேண்டிக்கினதுதான் ஞாபகத்துக்கு வருது."

போனை வைத்த பிறகு எனக்குக் கை கால் ஓடவில்லை.

என்ன வேண்டிக்கொண்டேன் என்று சொல்கிறேன். அவளுக்கு அப்போது ஆறு வயது. ஏரியில் மண் அள்ளிய பள்ளத்தில் மழைத் தண்ணீர் நின்றிருந்தது. விளையாடப் போனவள் அதில் விழுந்துவிட்டாள். லாரி கழுவ வந்த ஒரு மனிதர் தூக்கிக் கரையில் போட்டார். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பிள்ளை கண் திறக்கவில்லை. "உசுரோட குடு தாயே, இனிமே இவ முட்டிக்கு மேல தண்ணி பட வுடமாட்டேன்" என்று கத்தினேன். ஆவடி வருவதற்குள் பிள்ளை வாந்தி எடுத்து அழுதது. அன்றிலிருந்து அந்த வார்த்தையைக் காப்பாற்றினேன். பள்ளியில் கடற்கரைக்குக் கூட்டிப்போனால்கூட இவள் மணலில் உட்கார்ந்து செருப்புக்குக் காவல் இருப்பாள். குளியலும் சொம்பில்தான்.

உயிரைக் கொடுத்தவளுக்குச் சொன்ன சொல். அதை எப்படி மீறுவது? மீறாவிட்டால் பிள்ளையின் வாழ்க்கை என்ன ஆவது? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர்தான், "இங்க குந்திகினு அழுதா இன்னா ஆவும்? அந்தத் தாயாண்டயே போய்க் கேளு," என்றார்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்தேன். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. தாயின் காலடியில் குலுக்கிப் போட்டு, விவரம் தெரியாத யாராவது ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம். புது பைக்குக்குப் பூஜை போட வந்திருந்த ஒருவர் எடுத்துக் கொடுத்தார். பிரித்தேன். சிவப்பு.

கோபம் தலைக்கேறியது. சந்நிதி என்றும் பார்க்காமல் சண்டை போட்டேன். "கொடுத்துட்டு இப்படிக் கட்டிப் போடறியே, நீயும் ஒரு பொம்பளையா?" என்று கேட்டேன். பைக்குக்காரர் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு மிரண்டு நின்றார்.

பூசாரி அண்ணன் பதறவில்லை. "இன்னா கேட்டே?" என்றார்.

"எம்பொண்ணு தண்ணியில எறங்கலாமான்னு கேட்டேன்."

"வேண்டிக்கினது நீ. வுட்டுக்குடுக்கறது மட்டும் அந்தப் பொண்ணா? நீ இன்னா தரப்போறே?"

ஒரு வாரம் அந்தக் கேள்வி என்னைப் படுத்தியது. தையல் மிஷினில் உட்கார்ந்தால் காலர் கோணிக்கொண்டு போனது. உண்டியலில் போடலாமா, மொட்டை போடலாமா என்று யோசித்தேன். பிறகுதான் உறைத்தது. தண்ணீருக்குப் பயந்தவள் கீர்த்தனா இல்லை. என் பயத்தைத்தான் அவள் காலில் கட்டிவிட்டிருக்கிறேன்.

அடுத்த வெள்ளி மறுபடி நின்றேன். "தாயே, அவளுக்காகச் சொன்ன சொல்லுக்கு நான் பொறுப்பு. சோதனை முடியற வரைக்கும் சனிக்கிழமைதோறும் உன் கோயில் குளத்துல எறங்கித் தலை முழுகறேன். அவள வுட்டுடு." பூ வாங்க வந்த ஒரு கல்லூரிப் பெண் பொட்டலத்தை எடுத்தாள். வெள்ளை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அழுதது சுலபம். முழுகுவது சுலபமாக இல்லை. முதல் சனிக்கிழமை இடுப்பளவில் நின்று நடுங்கினேன். வீட்டுக்காரர் கரையில் துண்டோடு நின்று, "முழுகுறியா, வேண்டுதலுக்கு நிக்கிறியா?" என்று கிண்டல் செய்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே முழுக்கு, ஓடி வந்துவிட்டேன். இரண்டாவது வாரம் மூக்கில் தண்ணீர் ஏறி நாள் முழுக்கத் தும்மல். மூன்றாவது வாரம் பாசிப் படியில் கால் வழுக்கிவிட்டது. காலுக்குக் கீழே தரையே இல்லை. முடிந்தது என்று நினைத்தேன். கத்தக்கூட வாய் வரவில்லை. அசையாமல் கிடந்தேன். அப்போது அந்தத் தண்ணீர் என்னை மெதுவாக மேலே கொண்டுவந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், யாரும் தொடவில்லை. வீட்டுக்காரர் குதித்து வருவதற்குள் என் முகம் வெளியே இருந்தது.

மறுநாள் கீர்த்தனாவிடம் பூக்கட்டிப் பார்த்தது, முழுகியது எல்லாவற்றையும் சொன்னேன். "தாயி உன்னை வுட்டுட்டாடி. இன்னொண்ணு சொல்றேன் கேளு. தண்ணி நம்மள இழுக்கல. சும்மா இருந்தா அதுவே தூக்குது."

அந்தப் பக்கம் விசும்பலும் சிரிப்புமாக, "இதையேதாம்மா எங்க இன்ஸ்ட்ரக்டர் மூணு மாசமா இந்தியில கத்திகினு கீறாரு," என்றாள்.

சோதனை ஒரு சனிக்கிழமை. நான் குளத்தில் மூன்று முழுக்குப் போட்டேன். மறுநாள் ஞாயிறு, வழக்கமாகப் பதினொரு மணிக்கு வரும் போன் வரவில்லை. பன்னிரண்டு. ஒன்று. சோறு ஆறிப்போனது. தோற்றுவிட்டாள், சொல்ல வெட்கப்படுகிறாள் என்றே முடிவு கட்டினேன். வீட்டுக்காரர் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார். நாலு மணிக்கு மணி அடித்தது. பின்னால் ஒரே ஹாரன் சத்தம், கடைத்தெரு இரைச்சல்.

"எங்கடி கீறே?"

"வெளிய வந்துருக்கேம்மா! மொத தடவ வுட்டாங்க!"

வெளியே வந்திருக்கிறாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். சொல்ல எவ்வளவோ இருந்தும், என் வாயில் வந்தது ஒன்றுதான். "இன்னாடி சாப்ட்டே?"

"மசால் தோசைம்மா. கேவலமா கீது!"

இருவரும் அழுதபடியே சிரித்தோம்.

அக்கா தங்கைகளே, நம் கஷ்டத்தில் நாம் ஏதேதோ சொல்லி வேண்டிக்கொள்கிறோம். பிள்ளைகளின் கையையும் காலையும் பேசிக் கொடுத்துவிடுகிறோம். அப்படி ஏதாவது உங்கள் மனதை உறுத்தினால் பயந்து மறைக்காதீர்கள். நேரே போய்த் தாயிடமே சொல்லுங்கள். சண்டை போட்டால்கூடக் கேட்டுக்கொள்வாள், நான் போட்டிருக்கிறேன். ஆனால் உங்கள் பங்கை நீங்களே கொடுங்கள்.

என் வேண்டுதல் கார்த்திகையிலேயே நிறைவேறிவிட்டது. போன சனிக்கிழமையும் குளத்தில் இறங்கினேன். வேண்டுதல் எதுவும் இல்லை. பிடித்துப்போய்விட்டது.