நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

ஒடிலியா மார்க்கெத்தியை அடக்கம் செய்த மறுநாள் நூலகக் குழுக் கூட்டத்தில் ஒரு புத்திசாலி எழுந்து, "அந்தம்மா வாழ்நாள் முழுக்க புத்தகத்துக்காகவே வாழ்ந்தாங்க" என்று பேசினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒடிலியாவுக்குப் புத்தகத்தைவிட அதன் ஓரத்து வெள்ளை இடம்தான் முக்கியம். இதைச் சொல்ல என்னைத் தவிர இப்போது ஆள் இல்லை என்பதால் சொல்கிறேன்.

நான் நாசாரியோ. ரொசாரியோ நகரத்தில் ரயில் பட்டறைக்குப் பின்னால் இருக்கிற எங்கள் பேட்டையில் முடிவெட்டும் கடை வைத்திருந்தேன். எதிர்ப்புறம் நூலகம். பட்டறைத் தொழிலாளிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கல் சுமந்து கட்டியது. நான் அதன் குழுச் செயலாளர், ஒடிலியா நூலகர். கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஒல்லி, கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில்.

அந்தக் காலத்தில் எங்கள் பேட்டையில் இரண்டு கட்சிகள். அரசியல் கட்சியைச் சொல்லவில்லை, நாவலாசிரியர் கட்சி. லுசார்தி அறுநூறு பக்கத்துக்குக் குறைந்து எழுதமாட்டார். கசாப்புத் தொழிற்சாலை, வேலைநிறுத்தம், கடைசியில் ஊர்வலம். பெனாசார் நூற்றைம்பது பக்கத்தைத் தாண்டமாட்டார்; ஒரு வீடு, ஒரு பெண், வெளியே மழை. நாடு முழுக்கப் பெயர் பெற்ற இரண்டு பேர். என் கடை நாற்காலியில் உட்கார்ந்தவன் எந்தக் கட்சி என்று தெரியாமல் நான் கத்தியை எடுப்பதில்லை.

"உங்க பெனாசார் கதைல ஒருத்தி ஜன்னலச் சாத்த எழுபது பக்கம் ஆகுதுய்யா. அதுக்குள்ள குளிர்காலமே முடிஞ்சிரும்" என்பான் வெல்டர்.

"உங்க லுசார்தி கதைல பொண்டாட்டிகிட்ட உப்பு கேக்குறதுக்குக்கூட ஒருத்தன் முஷ்டியத் தூக்குறான். அதுக்கு இது தேவலாம்" என்பார் ரொட்டிக்கடைக்காரர். ஒரு முறை பாதி தாடியோடு எழுந்து போனார். நான் துப்பறியும் கதை படிக்கிறவன். கொன்றவன் யார் என்று கடைசிப் பக்கத்தில் சொல்லிவிட்டால் எனக்குப் போதும்.

இந்தச் சண்டை நூலகப் புத்தகங்களின் ஓரத்திலும் நடந்தது. பட்டறையில் இரும்பில் குறி போடுவார்களே, அந்தத் தடித்த சிவப்புப் பென்சிலால் ஒருவன் பெரிய எழுத்துகளில் கிறுக்குவான். லேத் ஓட்டுகிற ஆன்செல்மோ என்பது எல்லோருக்கும் தெரியும். இருபத்து நாலு வயது, காது மடலில் எப்போதும் அந்தப் பென்சில். அவனுக்கு ஒரு நீலப் பென்சில் பதில் எழுதும். அது யார் என்று யாருக்கும் தெரியாது. யாரோ ஓய்வு பெற்ற வாத்தியார் என்று நினைத்து, ஆன்செல்மோ "கிழவரே" என்றுதான் எழுதுவான்.

சிவப்பு: "பெனாசார் வீட்டில் எப்போதும் மழை. கூரை மட்டும் ஒழுகுவதே இல்லை. அதைப் போட்டவனுக்கு ஏன் பெயர் இல்லை, கிழவரே?"

நீலம்: "லுசார்தி கூரைக்காரனுக்குப் பெயர் வைத்தார். மனசு வைக்க மறந்துவிட்டார்."

சிவப்பு: "பசியோடு இருப்பவனுக்கு மனசைத் தேட நேரமில்லை."

நீலம்: "ஏழைக்கு மனசு கிடையாது என்று முதலாளிதான் சொல்வான். நீயுமா?"

இதற்கப்புறம் மூன்று வாரம் சிவப்பு வாய் திறக்கவில்லை.

நூலகப் புத்தகத்தில் எழுதக்கூடாது என்பது விதி. எழுதியதை மாதக் கடைசியில் நூலகர் அழிக்க வேண்டும். ரப்பர் தாளைக் கிழிக்கும் என்று ஒடிலியா முந்தின நாள் ரொட்டியின் உள்சதையைப் பிய்த்து உருட்டித் தேய்ப்பார். துகள்களை என் கோழிகளுக்குக் கொடுப்பார். ஒரு நாள் அந்தத் துகள்களை வாங்கப் போனபோது, அவர் அழிக்காமல் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டேன். கொண்டைப் பென்சில், நீலம்.

"குழுவுல சொல்லப்போறீங்களா, நாசாரியோ?"

"சொல்லலீங்க. ஆனா அந்தப் பையன் உங்களத் தாத்தான்னு நெனச்சிக்கிட்டிருக்கான்."

"நெனைக்கட்டும். பொம்பளைன்னு தெரிஞ்சா மரியாதையாப் பேச ஆரம்பிச்சிருவான். அப்புறம் சண்டையில என்ன ருசி இருக்கு?"

எழுபத்தாறில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அந்த ஜூலையில், தடை வருவதற்கு முன்பு, லுசார்தியின் புது நாவல் நூலகத்துக்கு வந்தது. ஒடிலியா முதலில் படித்தார். நூற்று நாற்பதாம் பக்கத்தில் தொழிலாளிகள் ஆலைக் கதவை உடைக்கிறார்கள். ஆன்செல்மோ அந்த இடத்தில் துள்ளிக் குதிப்பான் என்று தெரிந்து, அவன் கைக்குப் போகும் முன்பே ஓரத்தில் எழுதி வைத்தார்: "தம்பி, கதவை உடைப்பது லுசார்தியின் ஆட்கள். உன் வீரமெல்லாம் பென்சிலோடு சரி."

திங்கட்கிழமை அவன் புத்தகத்தை எடுத்துப் போனான். வெள்ளிக்கிழமை பட்டறை வாசலில், நம்பர் பலகை இல்லாத காரில் அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். எத்தனையோ பேர் பார்த்தார்கள். பார்த்தவர்கள் யாரும் பார்க்கவில்லை.

நூலகத்தைச் சோதனை போட வருகிறார்கள் என்று மறுநாள் யாரோ சொன்னார்கள். அவனோடு யார் யார் விவாதித்தார்கள் என்று தெரியக்கூடாது என்று நானும் ஒடிலியாவும் கதவைச் சாத்திக்கொண்டு, ஆறு ரொட்டியைப் பிய்த்து, இருந்த சிவப்பு, நீல எழுத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் அழித்தோம். மாலைக்குள் என் விரல் நுனியெல்லாம் சிவந்துவிட்டது. சோதனை போட யாரும் வரவே இல்லை.

அதற்குப் பிறகு ஒடிலியாவுக்கு ஒரே கேள்விதான்.

"நூத்தி நாப்பதாம் பக்கத்தப் படிச்சிருப்பானா, நாசாரியோ?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"படிச்சு, ரோஷப்பட்டு, ராணுவத்துக்கு எதிரா எதுலயாவது போய்ச் சேந்திருப்பானோ?"

"நாலு நாள்லயா? விடுங்கம்மா."

அவர் விடவில்லை. திரும்பி வராத புத்தகத்துக்கு மூன்றாம் வாரம் நினைவூட்டுச் சீட்டு அனுப்புகிறவர், அந்த ஒரு புத்தகத்துக்கு மட்டும் அனுப்பவில்லை. நண்பகல் வெயிலில் ஜன்னலோரம் நின்று, அழித்த பக்கங்களைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். அழுத்தி எழுதுகிறவன் அவன். தாளில் பள்ளம் இருந்தது. பள்ளத்தை விரலால் தடவிக்கொண்டே உதடு அசைப்பார். பார்க்க எனக்குப் பயமாக இருக்கும்.

அப்புறம் அவனுடைய அம்மா வர ஆரம்பித்தார். எர்மெலிந்தா, துணி வெளுத்துப் பிழைத்தவர், நாவல் பக்கமே போகாதவர். அரசு அலுவலகத்தில் "உன் மகன் எவளோடயாவது வெளிநாடு போயிருப்பான்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவன் படித்ததையெல்லாம் தானும் படிக்கவேண்டும் என்று ஒவ்வொரு செவ்வாயும் ஒரு புத்தகம் எடுத்துப் போவார்.

"ஓரத்துலயெல்லாம் எழுதுவான்னு சொல்வானே, ஒண்ணுலயும் காணோமேம்மா?" என்று ஒரு முறை கேட்டார்.

ஒடிலியா குனிந்து எதையோ தேடுவதுபோல் மேஜை இழுப்பறையைத் திறந்தார்.

எழுபத்தொன்பதில் பெனாசாரின் புது நாவல் ஒன்று வந்தது. வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, சும்மா புரட்டினேன். முப்பத்தொன்றாம் பக்கத்தில் தடித்த சிவப்பில், பெரிய எழுத்தில்: "இந்த வீட்டிலும் கூரை ஒழுகவில்லை, கிழவரே."

அவனைக் கொண்டுபோய் மூன்று வருஷம். மை வாசனை போகாத புத்தகம். அதை எடுத்துக்கொண்டு ஒடிலியாவிடம் போனேன். அவர் மறைக்கவில்லை.

"அவன் சும்மா இருக்க மாட்டேங்கிறான். பக்கத்தப் புரட்டினாப் பேசுறான். அவன் சொல்றத எழுதிட்டாக் கொஞ்ச நேரம் அடங்குறான்."

"ஒடிலியா, இது தப்பு. அழிச்சிருங்க."

"அழிச்சிருவேன். என்ன எழுதினாலும் அவன்தான் ஜெயிக்கிறான், தெரியுமா? எனக்குப் பதில் வரமாட்டேங்குது."

அடுத்த செவ்வாய் ஒடிலியா பல் பிடுங்கப் போயிருந்தார். நான் கடையைச் சாத்திவிட்டு நூலக மேஜையில் உட்கார்ந்திருந்தேன். எர்மெலிந்தா வந்து, "புதுசா என்ன வந்திருக்கு?" என்றார். அழித்திருப்பார் என்று நினைத்து அந்தப் புத்தகத்தை நானேதான் எடுத்துக் கொடுத்தேன். திறந்து பார்த்துவிட்டுக் கொடுக்க எனக்கென்ன கேடு? இன்றும் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை வெல்டர் முகத்தில் சோப்பு நுரையோடு சொன்னான்: "எர்மெலிந்தாம்மா மகன் ரூமுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறாங்க. உயிரோடதான் இருக்கானாம். நூலகத்துக்கு வந்துட்டுப் போறானாம். கையெழுத்தப் பாத்தாங்களாம்."

இந்த முறை பாதி தாடியோடு விட்டுப் போனவன் நான்.

விஷயத்தைச் சொன்னதும் ஒடிலியா கோட்டை மாட்டிக்கொண்டார். இரண்டு பேரும் நடந்தே போனோம். எர்மெலிந்தா வீட்டில் சுண்ணாம்பு வாசனை. உள்ளறைக் கட்டிலில் வெளுத்த விரிப்பு. மேஜைமேல் ரொட்டி, வறுத்த இறைச்சி, அவருக்கும் அவனுக்குமாக இரண்டு தட்டு. எங்களைப் பார்த்ததும் அந்த அம்மா சிரித்தார். பல் தெரிய அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"நீங்களாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. எந்த நேரத்துக்கு வர்றான்? நான் தொந்தரவு பண்ண மாட்டேன். எதுத்தாப்புல அய்யா கடையில நின்னு பாத்துட்டு வந்துருவேன். ஒல்லியாயிட்டானா?"

ஒடிலியா கைப்பையிலிருந்து ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்தார். ரொட்டி சுற்றி வந்த தாளை நீவிவிட்டு அதே வரியை, அதே பெரிய எழுத்தில், அதே அழுத்தத்தில் எழுதினார். எழுதி முடிக்கும்வரை எர்மெலிந்தா பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் எழுதினேன். அவன் வரல."

அந்த அம்மா தாளை எடுத்துப் பார்த்தார். அப்புறம் இரண்டு தட்டில் ஒன்றை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

"அப்ப அந்த நீலம்?"

"அதுவும் நான்தான்."

"கிழவன் நீங்களா? சாப்பிட உக்காந்தா உங்களத் திட்டாம எம்புள்ளைக்கு ஒரு வாய் எறங்காது." தாளை மேஜைமேல் எறிந்தார். "மூணு வருஷமா உங்க முன்னால வந்து நிக்கிறேன். அவன் கையால எழுதினது ஒரு வரி இருந்தாக் காட்ட மாட்டீங்களான்னு நின்னேன். எல்லாத்தையும் தேச்சு அழிச்சிட்டு, இப்ப அவனாட்டம் நீங்க எழுதுறீங்களா?"

"அழிச்சதுல நானும் உண்டும்மா" என்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

ஒடிலியா மன்னிப்புக் கேட்கவில்லை. நூற்று நாற்பதாம் பக்கத்தைப் பற்றிச் சொன்னார். தான் எழுதிய வரியை ஒரு எழுத்து மாற்றாமல் சொன்னார். "அதப் படிச்சிட்டுத்தான் எங்கயோ போய் மாட்டிக்கிட்டானோன்னு மூணு வருஷமா எனக்குத் தூக்கமில்லம்மா. அந்தப் புத்தகம் எங்க போச்சுன்னு தெரியுமா?"

எர்மெலிந்தா எழுந்து கொல்லைக்குப் போனார். கோழிக்கூட்டின் அடிப்பலகையை நெம்பித் தூக்கி, மண்ணைத் தோண்டி, மெழுகுத்துணிப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தார். லுசார்தியைத் தடை செய்து, அவர் புத்தகம் வீட்டிலிருந்தாலே ஆளைத் தூக்கிய காலம். எரிக்க மனம் வராமல் புதைத்து வைத்திருக்கிறார். புதைக்கும்போது பயத்தில் திறந்துகூடப் பார்க்கவில்லையாம், அப்புறம் தோண்டி எடுக்கத் துணியவில்லையாம்.

மேஜைமேல் வைத்துப் பிரித்தார். முதல் பக்கத்திலிருந்தே சிவப்பு. ஓரமெல்லாம் அவன். உண்மையான அவன். கோபம், கிண்டல், ஒரு இடத்தில் லுசார்தியையே "அளக்காதீங்க அய்யா" என்று திட்டியிருந்தான். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு துண்டு உப்புத்தாள். அங்கே எழுதியிருந்தான்: "இதற்குக் கிழவர் என்ன சொல்வார், பார்ப்போம்."

நூற்றுப் பதின்மூன்றிலிருந்து வெள்ளை. ஒடிலியா ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். ஒரு கோடு இல்லை. நூற்று நாற்பதில் நீல வரி மட்டும் தனியாக இருந்தது.

"படிக்கல" என்றார். "அவன் படிக்கல." சொல்லிவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அடுத்த நொடியே வெட்கமாக இருந்தது. படிப்பதற்குள் கொண்டுபோய்விட்டார்கள் என்பதற்கா ஆறுதல் படுவது?

ஒடிலியா கண்ணைத் துடைத்துக்கொண்டு மேஜையிலிருந்த ரொட்டியை ஒரு துண்டு பிய்த்தார். உருட்டி, நீல வரிமேல் கொண்டுபோனார். எர்மெலிந்தா அவர் மணிக்கட்டைப் பிடித்தார். வெளுத்துப் பழகின கை, நல்ல பிடி.

"தொடாதீங்க."

"இது இருக்க வேண்டாம்மா. அசிங்கமா இருக்கு."

"இருக்கட்டும். அவன் வந்து படிச்சு அவனே பதில் சொல்லட்டும். அதுவரைக்கும் இந்த வெள்ளையில ஒரு வரி நீங்க எழுதக் கூடாது. இதுலயும் சரி, வேற எதுலயும் சரி. அது எம்புள்ள இடம்."

ஒடிலியா சிவப்புப் பென்சிலை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தார். அதற்குப் பிறகு அவர் எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை, நீலத்திலும்கூட. கொண்டையில் பென்சில் இல்லாமல் பார்க்க வேறு யாரோபோல இருந்தார். லுசார்தி பெரியவரா, பெனாசார் பெரியவரா என்று யார் கேட்டாலும், "எனக்குத் தெரியல, இன்னும் பேசி முடிக்கல" என்பார்.

ராணுவ ஆட்சி போனது. லுசார்தி மறுபடி கடைகளில் வந்தார். ஆன்செல்மோ வரவில்லை, எந்தப் பட்டியலிலும், பிறகு தோண்டிய எந்தப் புதைகுழியிலும் கிடைக்கவில்லை. எர்மெலிந்தா சாகும் முன் அந்தப் புத்தகத்தை நூலகத்துக்குக் கொடுத்தார். ஒடிலியா அதைப் பதிவேட்டில் "திரும்பி வந்தது" என்று எழுத மறுத்து, "வாசிப்பில் உள்ளது" என்று எழுதினார். இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

ஒடிலியா போன பிறகு அலமாரிச் சாவி என்னிடம் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை வெளியே கொடுப்பதில்லை. யார் வேண்டுமானாலும் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து படிக்கலாம். பேனா, பென்சில் எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார வேண்டும்.